ஒருங்கிணைப்புக்கான நியாயங்கள்: மூன்றாம் வரைவு

நாற்பத்து மூன்று சர்வர்கள்.
எண்ணி முடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று,
ஏனென்றால் ஒன்று துடைப்ப அறையில் இருந்தது,
வாளிக்குப் பின்னால்,
பச்சை விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டு.

ஔலு நகரில் ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உள்ளே, எங்கள் ரொட்டி ஆலையின் அடித்தளத்தில்
ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது.
இதைச் சொன்னதும் டெல்லெர்வோ பேனாவைக் கீழே வைத்தார்.
"இந்தக் குளிரிலுமா?"
இந்தக் குளிரிலும்.

அவர் நிதிப் பிரிவின் தலைவர்.
பத்து வரிக்கு மேல் படிக்கமாட்டார் என்பார்கள்.
ஆகவே சுருக்கி எழுதினேன்:
முப்பத்தெட்டு பெட்டிகள் நாளெல்லாம்
நூற்றில் ஆறு பங்குதான் உழைக்கின்றன.
மீதிப் பொழுது சும்மா மூச்சு விடுகின்றன,
மூச்சுக்கும் மின்கட்டணம் உண்டு.
ஒரே இரும்புக்குள் பத்துப் பேரைக் குடிவைக்கலாம்,
பங்காளிச் சண்டை வராமல்.
நான்கு போதும். ஒன்று படுத்துக்கொண்டால் தாங்க
ஐந்தாவது.
போட்ட பணம் இரண்டாண்டு இரண்டு மாதத்தில் திரும்பும்.

"எது எதற்கு என்று தெரியுமல்லவா?"
தெரியும் என்றேன்.
நாற்பத்திரண்டு தெரியும்.

இருபத்தேழாம் எண்ணுக்கு ஒரு துண்டுச்சீட்டும் இல்லை.
அதை அமைத்த ரைமோ ஓய்வு பெற்று
ஸ்பெயினில் வெயில் காய்கிறார்,
அழைத்தால் எடுப்பதில்லை.
இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு,
எந்தக் கையேட்டிலும் எழுதாத வழி:
கம்பியைப் பிடுங்கு.
யார் கத்துகிறார்கள் என்று பார்.

பிடுங்கினேன்.
திங்கள் யாரும் கத்தவில்லை. செவ்வாய் கத்தவில்லை.
அடுத்த வாரமும் போயிற்று.
பதினோரு நாள் என் மேசைத் தொலைபேசி
செத்த எலியாய்க் கிடந்தது.
இரண்டாம் வரைவில் கொஞ்சம் கர்வத்தோடு சேர்த்தேன்:
தேவையற்றது, சோதித்து உறுதி செய்யப்பட்டது.

பன்னிரண்டாம் இரவு, லேபிள் அச்சடிக்கும் யந்திரம் மக்கர் செய்ததென்று
ரை ரொட்டி வரிசைக்குப் போனேன்.
தட்டுகளை அடுக்கியபடியே நஸ்தெஹோ கேட்டாள்,
குரலை உயர்த்தாமல், என் பக்கம் திரும்பாமல்:
"இடைவேளையை எடுத்தது நீங்களா, மேலேயா?"

எந்த இடைவேளை?

ஒன்றரைக்கு ஒரு மணி அடிக்குமாம்.
பெல்ட் தானாக நிற்குமாம், இருபது நிமிடம்.
இப்போது அடிப்பதில்லை, நிற்பதுமில்லை.
"யந்திரம் ஓடும்போது ஆள் எப்படி உட்காருவது?
சிக்கனம் என்று நினைத்துக்கொண்டோம்,
இந்த வருடம் எல்லாவற்றுக்கும் அதுதானே பேச்சு.
புகார் படிவம் பகல் அலுவலகத்தில் இருக்கிறது.
அது திறக்கும்போது நாங்கள் தூங்குகிறோம்."

பதினோரு இரவு, ஒன்பது பேர், இருபது நிமிடம்.
முப்பத்து மூன்று மணி நேரம்.
கைக்கணக்காகவே வந்துவிட்டது, கால்குலேட்டர் வேண்டியிருக்கவில்லை.

கீழே இறங்கிப்போய் இருபத்தேழை எழுப்பினேன்.
விசிறி இருமியது, தூசி கக்கியது, எழுந்துகொண்டது.
மறுநாள் ஒன்றரைக்குக் கதவருகே நின்றேன்.
மணி என்று சொல்லவும் முடியாது,
மைக்ரோவேவ் அடுப்பு போடுகிற சத்தம்.
பெல்ட் நின்றது.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
ஒருவர் காலணியைக் கழற்றிக் கால்விரல்களை நீவினார்.
ஒரு பிளாஸ்க் திறந்தது, ஏலக்காய் வாசனை.

மூன்றாம் வரைவிலும் பெட்டிகள் நான்குதான், ஒன்று உபரி.
இருபத்தேழும் உள்ளே குடிபோகிறது, மணியோடு.
மின்சாரத்திலும் உரிமத்திலும் ஒரு காசு மாறவில்லை,
அந்த நியாயங்கள் நியாயங்கள்தாம்.
கடைசியில் ஒரு வரி மட்டும் கூடிற்று, பதினோராவது:
கத்தாதவர்களையும் கேட்டுவிட்டுப் பிடுங்க வேண்டும்.

படிக்கமாட்டார் என்று நினைத்தேன்.
படித்தார்.
தன் அட்டவணையைத் திறந்தார். இரவு ஷிப்ட், உற்பத்தி,
நான்கு சதவீதம் மேலே, பச்சை அம்பு.
எப்படி வந்தது என்று யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை,
அவரும் யாரையும் கேட்டிருக்கவில்லை.
வெகுநேரம் அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்டார்:
"முப்பத்து மூன்று மணி நேரம்.
இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?"